மச்சினன் பிடித்த கயிறு

"மாமா, அம்மா போயிட்டாங்க." தென்காசியில் நர்ஸாக இருக்கும் வள்ளி விடிந்ததும் போனில் சொன்னாள். குற்றால மலையில், பளியர் பழங்குடியினரின் குடியிருப்பில், வள்ளியின் அம்மா செல்லத்தாயியை அறிந்த நாங்கள் எல்லோரும் அடக்கத்துக்குக் கூடியிருந்தோம். அழுதவர்களைவிட அவருடைய வாயைப் பற்றிச் சொல்லிச் சிரித்தவர்களே அதிகம். அந்த வாயில் நன்றாக மாட்டியவன் நான்தான்.

அப்போது நான் கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர். வள்ளிக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வாரக் கடைசிக்குள் பழங்குடிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். நானோ மனுவில், 'சேலை உடுத்துகிறார்கள், செல்போன் வைத்திருக்கிறார்கள், பழங்குடி அடையாளம் தென்படவில்லை' என்று எழுதிவைத்தேன். பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பு. செல்லத்தாயி என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஸார், உங்க தாத்தா கோவணம் கட்டித்தான வயல்ல நின்னிருப்பாரு? நீங்க பேண்ட் போட்டுட்டீங்க. உங்க சாதி மாறிட்டா?"

அலுவலகமே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் கோட்டாட்சியர் நேரில் விசாரிக்க மலையேறினார். நானும் போனேன். இலை தழை கட்டி ஆடிக் காட்டுவீர்களா என்று கேட்ட புத்திசாலியும் நான்தான்.

"இங்கன ஆட ஆள் கெடையாது. தேன் எடுக்கப் போறோம், வந்து பாருங்க" என்றார் செல்லத்தாயி.

பாறை விளிம்பிலிருந்து அவர் கணவர் கயிற்றில் இறங்கினார். கணவரின் உடன்பிறந்த தம்பி சும்மா நின்றார். கயிற்றைப் பிடித்திருந்தது செல்லத்தாயியின் தம்பி. ஏன் என்று கோட்டாட்சியர் கேட்டார்.

"கூடப்பொறந்தவனுக்குப் பங்கு மேல ஒரு கண்ணு இருக்கலாம். மச்சினன் விடமாட்டான். விட்டா அவன் அக்கால்லா தாலி அறுத்துட்டு நிப்பா? நாங்க என்ன உடுத்துனாலும் கயிறு மச்சினன் கையிலதான்."

குடியிருப்பில் தனித்தனியாக விசாரித்தபோது சின்னப் பிள்ளைகள்கூட இதையே சொன்னார்கள். அங்கேயே என் குறிப்பை அடித்துவிட்டுக் நேரில் கண்ட பழங்குடி வழக்கத்தை அப்படியே எழுதினேன். சான்றிதழை மறுநாள் என் கையாலேயே கொடுத்தேன்.

செல்லத்தாயி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "மொதல்ல கயித்த விடப் பாத்தீங்க. பொறவு பிடிச்சிட்டீங்க. இனி எம்பிள்ளைக்கு நீங்க மாமன்" என்றார்.

இன்று அந்தக் குடியிருப்பில் சான்றிதழ் இல்லாத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு மனுவோடும் செல்லத்தாயி வந்து நின்றார். ஜெயித்தார்.

எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை. அடக்கத்துக்கு, எங்கள் வழக்கப்படி, இறந்தவருக்கு உடன்பிறந்தவன் போடும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துப் போயிருந்தேன். போடலாமா என்று தயங்கி நின்றேன். அன்று கயிறு பிடித்த அவர் தம்பி நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். அந்த இடத்தைத்தான் செல்லத்தாயி எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.