செம்பில் பதிந்த கட்டைவிரல்

டெய்சி போய்விட்டாள்.

கம்பெனி பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப்பில் பார்த்தேன். மஞ்சள் காமாலையாம்... நாலே நாளாம். என் வயசுதான் அவளுக்கும்.

ஒரகடத்திலேயே இறங்கிவிட்டேன். லீவுகூடச் சொல்லவில்லை. அவள் ஊர் சேரப்பணஞ்சேரிக்கு பஸ் வரக் காணோம். உட்கார முடியவில்லை, அங்கும் இங்கும் நடந்துகொண்டே ஃபேஸ்புக்கில் இதை டைப் செய்கிறேன்.

வல்லம் வடகால் கம்பெனியில் நாங்கள் ஒரே லைன். கம்ப்யூட்டர் சூட்டை இறக்கும் செம்பு ஹீட்சிங்க். பாலிஷ் போட்டால் முகம் தெரியும். அதை என் முன்னால் நீட்டி, "இன்னாடி, மூஞ்சி செவந்து கீது... மாப்ள பாத்துட்டாங்களா?" என்பாள், பாவி.

கோட்டிங் போடுவதற்கு முன்னால் வெறும் விரல் படக்கூடாது. பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கோட்டிங்குக்கு அடியில் மெல்ல மெல்லக் கறுக்கும். கையில் எண்ணெய்ப் பசை இருக்குமென்று லஞ்சுக்குக்கூட ஸ்பூன்தான். "மீன் கொயம்ப ஸ்பூன்ல துன்றதுக்குப் பட்டினியே கெடக்கலாம்" என்று தினமும் புலம்புவாள். புலம்பிக்கொண்டே என் டப்பாவையும் காலி செய்வாள்.

இப்போது சொல்லியாக வேண்டியது...

ஒருநாள் க்ளவுஸ் வியர்வையில் நனைந்துவிட்டது. கழற்றினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பீஸ் நழுவியது, வெறும் கையால் பிடித்துவிட்டேன். துணியால் துடைத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பீஸ் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. நடுவில் கருப்பாக ஒரு கட்டைவிரல். குறுக்கே ஒரு கோடு. என் விரலில் இருக்கும் அரிவாள் தழும்பு.

சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்து, "யார் கை இது?" என்றார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற டெய்சி என் கையை ஒரு தரம் பார்த்தாள்.

"என்துதான் சார்."

யாரும் விரலைப் பார்க்கவில்லை. அவளை அன்றைக்கே ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள்.

கேட்டுக்குப் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன?"

"உனுக்கு இந்த மாசம் பர்மனென்ட் ஆவுது. ஊர்ல உன் பணத்த நம்பி நாலு பேரு கீறாங்க. எனுக்கு இன்னா, வூடு பக்கத்துலயே கீது. வாயத் தொறந்த... பாத்துக்க!"

திறக்கவில்லை. பர்மனென்ட் ஆனேன். அவள் கான்ட்ராக்டை அடுத்த வருஷம் புதுப்பிக்கவில்லை. ஒவ்வொரு சம்பளத்துக்கும் இந்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கோழை நான்.

சூப்பர்வைசர் சார், நீங்களும் என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிறீர்கள். அந்த விரல் என்னுடையது. நாளைக்கு வந்து நிற்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

திட்டாதேட்டி... சொல்லிவிட்டேன். போய் வா, டெய்சி.