முகட்டில் ஏறியவள்

அட்டையில் ஒட்டிவைத்த காய்ந்த செடியைப் பார்க்கும்போது, அதை வேரோடு எடுத்த கை யாருடையது என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

கண்ணாயி கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுக்காரி. சாமைக் காட்டில் களையெடுப்பவள். அறிவொளி வகுப்பில் முப்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்றவள். 1998 ஐப்பசியில், சமவெளிக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் குணசேகரன் அவளை வழிகாட்ட அழைத்தார். அவர் தேடிவந்த செடிக்குச் சிவந்த தண்டு, வெள்ளைப் பூ, மூன்று முனை விதை. வடநாட்டில் மாவரைத்து உண்ணும் குட்டு தானியத்தின் காட்டு உறவு அது. மலைக்காரர்களுக்கு வெறும் புளிப்புக்கீரை. கிள்ளுவார்களே தவிர, வேரைத் தொடமாட்டார்கள்.

அது முளைத்திருந்த முகட்டில் காற்று அறைந்தது. பேராசிரியர் பாதி வழியிலேயே பாறை மறைவில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாயி வயிற்றால் ஊர்ந்து போனாள். பூவும் விதையும் சேர்ந்திருந்த ஒரு செடியை வேர் அறாமல் களைக்கொத்தால் நெம்பி, ஈரப்பாசியில் சுற்றி, மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

"மேல காத்து எப்படி?" என்றார் அவர்.

"நிமுந்தா ஆளைச் சாய்ச்சுப்போடுமுங்க."

அவர் குறித்துக்கொண்டார்.

மூன்று ஆண்டு கழித்து, மலைச் செடிகளைக் கணக்கெடுக்க ஒரு தொண்டு நிறுவனம் ஆள் எடுத்தது. நிரந்தர வேலை. கண்ணாயி ஆசைப்பட்டாள். முன்பு செடி சேகரித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள்.

பேராசிரியர் பெருமையோடு அந்தச் செடி ஒட்டிய அட்டையை எடுத்துக் காட்டினார். கண்காட்சிக்கென்று அதன் மூலையில் இருந்த விவரச் சீட்டைத் தமிழில் எழுதியிருந்தார்கள். அவள் விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள்: 'நிமிர்ந்தால் ஆளைச் சாய்க்கும் காற்று.' அவள் சொன்ன சொல். அதற்குக் கீழே, 'சேகரித்தவர்: குணசேகரன்.'

"ஏனுங்க சார், எம் பேரக் காணமுங்களே?"

"கூட வந்தவங்க பேரெல்லாம் போடற வழக்கமில்ல கண்ணாயி. கூலிதான் குடுத்தாச்சே?"

"கூலி நடந்ததுக்குங்க. நான் மேல ஏறுனப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

அவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளே சொன்னாள்:

"பாறைக்கடியில. அப்ப அதையே எழுதுங்க சாமி, கீழ உக்காந்தவர் குணசேகரன்னு."

பக்கத்திலிருந்த உதவியாளர் சிரிப்பை இருமலாக மாற்றினார். பேராசிரியர் முகம் கறுத்தது. "இது விஞ்ஞானம். பதிஞ்சத மாத்த முடியாது" என்று அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

விஞ்ஞானமாம்! தவறு தெரிந்தால் திருத்திக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். தெரிந்தும் பூட்டிவைப்பதற்குப் பெயர் திருட்டு.

அத்தாட்சி இல்லாததால் வேலை ஒரு பட்டதாரிக்குப் போனது. முதல் வாரமே அவர் முகட்டுக்கு வழி கேட்டுக் கண்ணாயி வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டு ருக்குமணிக்கு மனசு கேட்கவில்லை.

"உடு கண்ணாயி, நம்ம தலையெழுத்து."

"அந்த எழுத்த எழுதுனவரு பேரு எனக்குத் தெரியும் புள்ள" என்றாள் கண்ணாயி.

உங்கள் ஊர்க் கல்லூரியிலும் இப்படி ஓர் அலமாரி இருக்கும். போய்த் திறக்கச் சொல்லுங்கள். ஏறியது யார் என்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சீட்டில் எழுதும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.