இரண்டு தாளிலும் அவன் கையெழுத்து

"ஓடுறதுக்கு எவம்மா வேலை போட்டுக் குடுப்பான்? உங்கண்ணன் நல்லா ரீல் உடுறான். படிச்ச புள்ள, நீயும் நம்பிகினு கீறியே!" என்று மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறு வாரமே அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை அண்ணனைத் தற்காலிக ஆளாக எடுத்துக்கொண்டது. பேருக்கு ஸ்டோரில் பெட்டி தூக்கும் வேலை. உண்மையில் அவர்கள் எடுத்தது அவனுடைய கால்களை. மேட்ச் இருக்கும் நாளில் பெட்டியைத் தொடவே வேண்டாம். கால்பந்தில் அவன் லெஃப்ட் அவுட். இடது பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தோடு பறந்து, கோலுக்கு முன்னால் நிற்பவனுக்கு அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆவடியில் வறண்ட ஏரிக்குள் வெறுங்காலோடு அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால், இந்த அணிக்குத்தான் ஆடுவேன் என்று ஆட்டக்காரர்கள் லீக் படிவத்தில் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருஷம் அண்ணன் பெருவிரலை நீட்டினான். கூட இருந்த கோல்கீப்பர், "இன்னா மாமே, ரேஷன் கடைக்கா வந்துகீறே?" என்று கேட்டுவிட்டான். அன்று வீட்டுக்கு வந்தவன், விரலில் இருந்த மையைச் செங்கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. ஏழு வயதிலிருந்தே நைனாவோடு கூட்ஸ் யார்டில் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். கையெழுத்துப் போட அவனுக்கு நானே கற்றுக்கொடுத்தேன். எழுத்துகளாக இல்லை, ஒரு படம் போலத்தான் அதை அவன் கற்றுக்கொண்டான். பத்து நாளில் என்னுடையதைவிட அழகாகப் போட்டான். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

முதல் இரண்டு சீசனும் அவனுடையவை. சென்ட்ரலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஒருமுறை நானும் அம்மாவும் அவன் ஆட்டத்தைப் பார்த்தோம். அவன் காலுக்குப் பந்து வந்தாலே ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அம்மா மட்டும், "மெதுவாப் போயேன்டா, எவனாவது உதைச்சிடப் போறான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில், "நீ அவரோட தங்கச்சியா?" என்று என்னைக் கேட்பார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்பேன்.

அந்தப் பெருமையில்தான் நான் தவறு செய்தேன். இரண்டாம் வருஷப் படிவத்தை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அணியிலிருந்து மூன்று பேர் கூட வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, வாத்தியாரம்மா மாதிரி அதை வரிவரியாக உரக்கப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "இதுக்கு அர்த்தம் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு எந்தத் தாளும் வீட்டுக்கு வரவில்லை. வரவில்லை என்பதையே நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது சீசன் நடுவில் அவன் முழங்கால் வீங்கியது. இடது ஓரத்துக்கு வேறொருவன் வந்தான். அண்ணன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். உட்காரத் தெரியாதவன். ரயிலில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷன் வருமுன்பே எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அடுத்த சீசனுக்கு எடுப்பீர்களா என்று கேட்டால், "கால் சரியாவட்டும், பாக்கலாம்" என்றார் அணியின் மேனேஜர். அதே பதில் தினமும்.

அந்தச் சமயத்தில் பட்டணத்து அணி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து அவனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "சும்மா ட்ரையலுக்கு. ஒரு கையெழுத்துப் போடு அண்ணாத்தே." போட்டான். அடுத்த வாரம் தொழிற்சாலை அணி மேனேஜரே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அதிலும் போட்டான். இரண்டும் லீக் படிவங்கள். இரண்டும் லீக் அலுவலகத்தில் ஒரே மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு அணிகளையும் ஏமாற்றியவன் என்று அவனை ஆட்டத்திலிருந்து நிறுத்திவைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். லீக் தடை போட்டால் ஸ்டோருக்கும் வர வேண்டாம் என்று தொழிற்சாலை சொல்லிவிட்டது.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடேன்ணே. தெரியாமப் போட்டேன்னு."

"அத்தினி பேரு முன்னாலயா? வேலை போனாப் போவட்டும்."

"என்னாண்டயாவது கொணாந்து காட்டியிருக்கலாம்ல?"

அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினான். "எதுக்கு? நின்னுகினு படிப்பே. அர்த்தம் தெரியுமான்னு கேப்பே. நாலு பேரு இளிப்பானுங்க. போமே."

அடிவாங்கியதுபோல் இருந்தது. இரண்டு நாள் டைப்ரைட்டிங் வகுப்பில் என் விரல்கள் ஒழுங்காக ஓடவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று அவன் மறைத்ததை நான் எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லாவிட்டால் அவன் மறுபடியும் கூட்ஸ் யார்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் அந்த முழங்காலோடு. மூன்றாம் நாள் வகுப்புக்குப் போகவில்லை. சென்ட்ரலுக்கு ரயில் ஏறினேன்.

லீக் அலுவலகத்துக் குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆட்டக்காரர் எங்கம்மா?"

"பிராக்டீசுக்குப் போயிருக்காரு."

"நிறுத்திவச்சிருக்கிறவருக்கு என்ன பிராக்டீஸ்?"

நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தை நீட்டினேன். அவனுக்குக் கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொடுத்தது நான், படிக்கக் கற்றுக்கொடுக்காததும் நான், இரண்டு படிவங்களில் எதிலும் ஒரு வரிகூட அவனால் படித்திருக்க முடியாது என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். விசாரணையில் இதைச் சொல்ல சாட்சி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

திரும்பி வந்து, ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

"யாரக் கேட்டுச் சொன்னே?"

"யாரையும் கேக்கல."

"செவ்வாக்கிழமை நான் வரமாட்டேன்."

"நீ வந்தாதான் ஆடுவே. வராட்டியும் நான் போவேன்."

அவன் வேகத்தைக் கூட்டினான். வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு ஓடுவது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. என்னால் கூட ஓட முடியவில்லை, நின்றுவிட்டேன்.

இன்று ஞாயிறு. வருகிறேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. அன்று மேஜையில் குமாஸ்தா என் பக்கம் திருப்பிவைத்த சாட்சிப் பதிவேட்டில், முதல் வரியில், என் பெயரை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.