ரயிலடிக்கு இறங்கும் புள்ளிக்கோடு

பதுளையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பூகோள அறையில் பழைய நில அளவைப் படம் ஒன்று தொங்குகிறது. தூசு தட்டப் போனவன் துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஆறு வரைக்கும் பச்சைக் காடு. அதற்குள் ஒரு புள்ளிக்கோடு இறங்கி, ஆற்றைத் தாண்டி, தெமோதரை ரயிலடிக்குப் போயிருந்தது. பாதை! அப்படியென்றால் தங்கச்சியும் ரயிலேறிப் படிக்க வரலாம்!

நான் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அங்கே இன்னோர் ஆளுக்கு இடமில்லை. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ரோட்டால் சுற்றிப் போனால் காலை ரயில் கிடைக்காது. இப்போது ஐந்தில் படிக்கும் தங்கச்சி ஜனவரியிலிருந்து வீட்டோடு நிற்க வேண்டியதுதான்.

எண்ணெய்த்தாளில் படத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"மொதல்ல பாதையக் கண்ணுல காட்டு. அப்புறம் பேசலாம்" என்றார் அம்மா.

தங்கச்சியும் நானும் இறங்கினோம். மேல்காடு எப்போதோ தேயிலையாகிவிட்டதால், பாதையின் தலைப்பகுதி அழிந்துபோயிருந்தது. அது இடப்பக்கம் திரும்பும் இடம் கிடைத்தால் போதும். அளவுநாடாவுக்கு எங்கே போவது? செடிக்குச் செடி நாலடி என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து திருப்பம் வரைக்கும் படத்தில் உள்ள தூரத்துக்கு எத்தனை செடி என்று கணக்குப் போட்டு, எண்ணிக்கொண்டே சரிவில் இறங்கினோம். கணக்கு முடிந்தது.

"இங்கதான் திரும்பணும்."

சுற்றிலும் தேயிலை.

"எங்க திரும்புறது? வீட்டுக்கா?" என்றாள்.

எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தேன். ஸ்டோர் எங்கள் உச்சந்தலைக்கு மேலேயே நின்றது. சட்டென்று விளங்கிவிட்டது. படம் பருந்தைப்போல மேலிருந்து பார்த்து மட்டமாக அளக்கிறது. நாங்களோ சரிவை அளந்திருக்கிறோம்!

"இன்னும் எறங்கணும், வா!"

"இத ஸ்டோர்லயே யோசிச்சிருக்கக் கூடாதாண்ணே? பெரிய படிப்பு!"

தேயிலை முடிந்து காடு தொடங்கியது. அட்டைக்குப் பயந்து காலை உதறியவள் சருகையும் சேர்த்து உதறினாள்.

"அண்ணே, கல்லு! வரிசையா அடுக்கியிருக்கு!"

பாதையின் ஓரக்கட்டு! அதைப் பிடித்துக்கொண்டு ஆறு வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினோம். பலகை போன பழைய பாலத்தின் கல்தூண்கள் தண்ணீரில் நின்றன.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சிரித்தார்.

"பாதிப் பாதைக்குப் பாதிப் பள்ளிக்கூடமா?"

"அக்கரையும் இருக்கும்மா!"

"அப்ப நானும் வாறேன். புள்ள தாண்டுற ஆத்த நான் பாக்க வேணாமா?"

அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டியாகிவிட்டது, கயிறும் தயார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆற்றைக் கடந்து, அந்தக் கல்வரிசையை அக்கரையில் தேடப்போகிறோம்.