ஊதுய்யா, பாக்கலாம்!

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் கள்ளிக்குப்பத்திலிருந்து மாட்டு வண்டியில் அங்கே செங்கல் ஏற்றிப் போவேன்.

என் இடது காது சின்ன வயதிலிருந்தே ஒழுகும். கோழி இறகால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். காதுதானே, அதற்குப் போய் யார் கவலைப்படுவார்கள்?

ஒரு நாள் காலை பாயிலிருந்து எழுந்தேன். கூரை சுற்றியது. சுவரைப் பிடித்தால் சுவரும் கூடவே வந்தது. நேராகக் கால் வைத்தால் உடம்பு இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. வாசலில் நின்ற மாட்டின் மேலேயே போய் விழுந்தேன். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி.

என்னோடு வண்டிக்கு வரும் என் மனைவியின் தம்பி, "இன்னா மாமா, காலங்காத்தாலயே ஏத்திகினியா?" என்று சிரித்தான். தெருவே சிரித்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு நான் மொடாக்குடியன். மகள் பிறந்த பிறகுதான் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து நிறுத்தியிருந்தேன்.

"சத்தியத்த மீறிட்டியே! புளிச்ச நாத்தம் ஊடு பூரா அடிக்குது" என்று மனைவி அழுதாள். குழந்தையோடு பாரிவாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகத் துணிகளை மூட்டை கட்டினாள்.

எனக்கும் அந்த வாடை அடித்தது. அங்கேதான் குழப்பம் பிடித்தது. நேற்று வண்டியை அவிழ்த்துவிட்டு எங்கே போனேன்? நேராக வீட்டுக்குத்தானா? யோசிக்க யோசிக்க, கள்ளுக்கடைக்குப் போன மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. தலை வெடித்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. "குடிச்சியா இல்லியா?" என்று அவள் கேட்டதற்கு, "தெர்லியே" என்றேன். இப்படிச் சொல்பவனை யார் நம்புவார்கள்?

மூட்டையோடு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். போவதற்கு முன் தெரு ஜனத்தின் எதிரில் என் குட்டை உடைத்துவிட வேண்டும் என்ற ஆத்திரம் அவளுக்கு. என் முடியைப் பிடித்துத் தூக்கி, "ஊதுய்யா, பாக்கலாம்!" என்றாள்.

ஊதினேன். அவள் முகம் மாறியது. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். பிறகு கன்னம், கழுத்து என்று மோந்துகொண்டே வந்து காதருகில் நின்றாள். என் தலையணையை எடுத்து முகர்ந்தாள்.

"வாய்ல இல்லடா, காதுலேர்ந்து வருது!" என்று தம்பியிடம் கத்தினாள். "வண்டியப் பூட்டு!"

அம்பத்தூரில் ரயில் ஏறியபோது ஜனங்கள் முகத்தைச் சுளித்து ஒதுங்கினார்கள். "குடி இல்லீங்க, காதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என் காதுக்குப் பின்னால் அழுத்தினார். அலறிவிட்டேன். நம்மைத் தள்ளாடாமல் நிறுத்துகிற உறுப்பே காதுக்குள்தான் இருக்கிறதாம். சீழ் எலும்பை அரித்து அதுவரை இறங்கிவிட்டது, அடுத்தது மூளைதான் என்றார். அன்றைக்கே காதுக்குப் பின்னால் வெட்டி எலும்பைச் சுரண்டினார்கள். பிழைத்தேன். அந்தக் காது போனது போனதுதான்.

நான் குடிக்கவில்லை என்பது எனக்கே எப்படித் தெரியாமல் போனது என்று இன்றும் விளங்கவில்லை. குடித்திருக்கிறான் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் தூர நின்றே சிரித்துவிட்டுப் போனார்கள். சண்டை போடவாவது கிட்டே வந்தவள் அவள் ஒருத்திதான், அதனால்தான் இதைச் சொல்ல நான் இருக்கிறேன்.