மஞ்சள் பூசிய வெள்ளைப் பாம்பு

செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்தவர்கள் யாரும் பிராணிகளைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு, வாங்க வருகிறவர்களைப் பற்றிய மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடையில் நின்றேன். மீன், முயல், கிளி எல்லாம் முன்னால், பாம்புகள் பின்னறையில். என்னைப்போல இலங்கையிலிருந்து அகதியாக வந்த மற்றவர்களுக்குப் பெற்றோல் நிலையமும் பொரித்த கோழிக் கடையும் கிடைத்தன. எனக்குப் பின்னறை கிடைத்தது. யாராவது வேலையை விசாரித்தால் “ஒரு கடையிலை” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

வெளிச்சம் இருந்தால் பார்க்கலாம்

முதலாளி டெரிக் எனக்கு முதலில் சொல்லித் தந்தது, பாம்பு செட்டை கழற்றப் போவதை, அதாவது தோல் உரிக்கப் போவதை, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் விதம். கறுப்பு, மண்ணிறப் பாம்புகளில் அது பெரிய வித்தை இல்லை. உடம்பு மங்கும், கண் பால் கலந்த நீலமாகிவிடும், சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது. தெருவில் போகிறவனைக் கூப்பிட்டுக் காட்டினாலும் ஏதோ நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுவான்.

வெள்ளைப் பாம்பில்தான் வில்லங்கம். மங்குவதற்கு அதில் நிறமே இல்லை. கண்ணும் இளஞ்சிவப்பு, அதில் லேசாகப் பால் படிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வயிறு கொஞ்சம் ரோஸ் நிறமாகும். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நவம்பர் மாதத்து லண்டனில் பகல் வெளிச்சத்துக்கு நான் எங்கே போக? அதைக் கேட்டதற்கு டெரிக் சொன்னார்: “கேட்டு வந்தவரை அடுத்த வாரம் வரச் சொல். அதற்குள் பாம்பே உரித்துக் காட்டிவிடும்.”

பஸ் சாரதியின் விரல்

ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் எங்களிடம் வெள்ளைப் பாம்பு வாங்கியிருந்தார். ஒருநாள் விரலில் பிளாஸ்டருடன் வந்து நின்றார். மடியில் படுத்து டெலிவிஷன் பார்க்கிற பாம்பு கடித்துவிட்டதாம். விஷமில்லாத பாம்புதான், மனுசனுக்கு மனம்தான் நொந்துபோயிருந்தது. உரிக்கிற காலத்தில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, வருகிற கை யாருடையது என்று அறியாமல் பயந்து கடித்திருக்கும் என்று விளக்கினேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. “நானும் எத்தனையோ நாள் மூடுபனியில் ஒன்றும் தெரியாமல் பஸ் ஓட்டியிருக்கிறேன். ஒரு பயணியையாவது கடித்தேனா?”

கமலா அக்காவின் வாடகைக்காரர்

நம்முடைய ஆட்கள் கடைக்கு வந்தால் மீன்தொட்டியோடு நின்றுவிடுவார்கள். பின்னறை வரை வந்த முதல் தமிழர்கள் கமலா அக்காவும் அவருடைய கணவர் ராசன் அண்ணையும். அவர்கள் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார மாணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். கண்ணாடிப் பெட்டியையும் அதற்குள் ஒரு வெள்ளைப் பாம்பையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ராசன் அண்ணை அதை எங்களிடம் தள்ளிவிடத்தான் நாள் பார்த்திருந்தார்.

அதற்குள் அக்கா கர்ப்பமாகிவிட்டார். நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து சாதகம் பார்த்து, நாகதோஷம், அதுதான் பிள்ளை இல்லை என்று அவருக்குச் சொல்லாத சாத்திரியார் இல்லை. பாம்பு வீட்டுக்கு வந்தது, வயிற்றில் பிள்ளையும் வந்தது. இனி அதை யார் வெளியே விடுவார்? வளர்க்கும் முறையைக் கேட்டுப் போகத்தான் வந்தார்கள். உறைந்த எலிகளைப் பொதி செய்து கொடுத்தேன். அதைக் கையில் வாங்காமல் நின்றபடி அக்கா சொன்னார்: “வெள்ளிக்கிழமை மட்டும் குடுக்கமாட்டம் தம்பி. எங்கடை வீட்டிலை வெள்ளியிலை மச்ச மாமிசம் இல்லை, அதுக்கும் தெரியட்டும்.”

பின்னறையில் ஒரு புது இனம்

பிள்ளை பிறக்கும் காலம் நெருங்கிய ஒரு மத்தியானம் இருவரும் பதறியடித்து வந்தார்கள். ராசன் அண்ணையின் கையில் தலையணை உறை, அதற்குள் பாம்பு. ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் கிழமையை மறந்து, வெள்ளிக்கிழமை எலி வைத்துவிட்டாராம். அன்றிலிருந்து பாம்பு சாப்பிடவில்லை, பெட்டியின் மூலையை விட்டு வெளியே வரவுமில்லை. தீட்டுப் பட்டுவிட்டது என்று அக்கா அதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார். ஒருமுறை அல்ல, தினமும்.

உறையைத் திறந்தேன். தலை முதல் வால் வரை நல்ல மஞ்சள். வயிறு ரோஸா இல்லையா என்று பார்க்க வழியே இல்லை. டெரிக் எட்டிப் பார்த்து, மரியாதையான குரலில் என்னைக் கேட்டார்: “இந்த நிறத்தை நான் எந்தப் பாம்புக் கண்காட்சியிலும் பார்த்ததில்லையே. இந்த இனத்தை யார் உருவாக்கினது?”

வாசலில் நின்று

மிச்சமிருந்தது கண் மட்டும்தான். பாம்பைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், இருந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பால் படிந்திருக்கிற மாதிரி இருந்தது. மஞ்சள் தண்ணீர் பட்டுக் கலங்கின மாதிரியும் இருந்தது. அக்கா பாம்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். “தம்பி, இது என்ரை வீட்டிலை செத்துதெண்டால் என்ரை பிள்ளை தங்காது” என்றார். அவருடைய நம்பிக்கை எனக்கில்லை. ஆனாலும் செட்டை கழற்றத்தான் போகுது அக்கா என்று, தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன். ஈரத்துணி வைத்த டப்பா ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கோ, சாப்பாடு வேண்டாம், கையால் உரிக்க வேண்டாம், இனிமேல் மஞ்சளும் வேண்டாம் என்றேன்.

சில நாள் கழித்து ராசன் அண்ணை போன் செய்தார். கண் பளிச்சென்று தெளிந்துவிட்டது, ஆனால் தோல் அப்படியே இருக்கிறது, அக்கா அழுதுகொண்டிருக்கிறார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முதலில் கண் தெளியும், பிறகுதான் உரிக்கும். இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அண்ணைக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்: “ஓம் தம்பி, பொறுக்கிறன். உம்மடை வீட்டு விலாசத்தையும் ஒருக்காச் சொல்லும்.”

ஆஸ்பத்திரியில்

அக்காவுக்கு வலி வந்த அன்று காலையில்தான் அது உரித்தது. மஞ்சள் முழுவதும் பழைய தோலோடு போய்விட்டது; உள்ளே பாம்பு பால் வெள்ளை. அண்ணை அந்தத் தோலைக் கடைப்பைக்குள் சுருட்டிக்கொண்டு பிரசவ வார்டுக்கு ஓடியிருக்கிறார். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். அண்ணை தோலை விரித்துக் காட்ட, அக்கா அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்த தாதி சொன்னாராம்: “மற்றவர்கள் பூ கொண்டுவருவார்கள், இதை நான் எந்த ஜாடியில் வைக்க?”

கடைசியாக ஒரு போன்

ஒரு கிழமை கழித்துக் கடைப் போன் அடித்தது. கமலா அக்கா. குரலில் பழைய பதற்றம். பாம்புக்கு என்ன என்றேன். பாம்பு இரண்டு எலி தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறதாம். “தம்பி, பிள்ளைக்குக் கைகால் எல்லாம் தோல் உரியுது. நான் இழுக்கேல்லை, நீங்கள் சொன்னபடி விட்டிருக்கிறன். ஈரத்துணியும் வைக்கோணுமோ?”

பிறந்த பிள்ளைகளுக்கு அது வழக்கம்தான் என்று பிறகு மருத்துவச்சியே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார், ஆனால் அன்று போனைப் பிடித்தபடி நின்ற நான், என்னை அறியாமலே கேட்ட முதல் கேள்வி, “கண் தெளிஞ்சிருக்கோ அக்கா?”