மஞ்சள் ஊசி போட்டுக்கொண்ட நாள்

என் இடது கண்ணுக்குள் ஒரு கட்டி இருப்பதாகச் சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அறுபதுகளின் கடைசி அது. அபூர்வமான கட்டியாம். கெட்டதாக இருந்தால் கண்ணையே எடுத்துவிட வேண்டும். வெறும் ரத்தக்குழாய் முடிச்சு என்றால் அப்படியே விட்டுவிடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். அதைப் பிரித்தறிய, கை நரம்பில் மஞ்சள் சாயத்தை ஊசியாகப் போட்டு, அது கண்ணுக்குள் ஓடுவதை நீல வெளிச்சத்தில் சடசடவென்று படம் பிடித்தார்கள்.

படத்தைக் கழுவிப் பார்த்து மறுநாள்தான் சொல்வார்கள் என்றதும் என் வீட்டுக்காரர் அங்கேயே தங்கிவிட்டார். சாமை அறுப்பு நேரம் என்பதால் நான் மட்டும் பஸ் ஏறி மலையடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கி, மிளகு விற்றுத் திரும்பிய ஊர்ப் பெண்களோடு மலை ஏறினேன். உடம்பெல்லாம் மஞ்சள். வழியில் ஒதுங்கினால் அதுவும் பளீர் மஞ்சள். டாக்டர் முன்பே சொல்லியிருந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருக்க, வாய் மட்டும் கெக்கெக்கென்று சிரித்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்றே அந்தப் பெண்கள் நினைத்திருப்பார்கள்.

மாமியாருக்கோ சந்தேகமே இல்லை: காமாலை. ஊசி, சாயம் என்று நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. கொல்லைப்பக்கம் போய் எதையோ பறித்து அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்தார். என்ன இலை என்று கேட்டேன். பச்சிலையின் பெயரைச் சொன்னால் மருந்து பலிக்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதிலுக்கு என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிவிட்டார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. டாக்டர் சொன்னபடியே விடிவதற்குள் தோலில் மஞ்சள் வடிந்துவிட்டது. மாமியாரின் நடையே மாறிப்போனது. அறுப்புக்கு வந்தவர்களிடமெல்லாம், ஒரே ராத்திரியில் காமாலையை விரட்டிய கதையைச் சொன்னார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

உச்சிவேளைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். மேட்டில் ஏறி வரும்போதே முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். கிட்ட வந்தவர், யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல், உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினார்.

"நாந் தெரியறனா?"

"மங்கலாத் தெரியறீங்க."

"அது போதுஞ் சாமி. எடுக்க வேண்டாம்னுட்டாங்க" என்றார்.

அந்த மங்கலான முகத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் காட்டில் அறுப்பே நின்றுபோனது.